சட்டை ஏன் ஆடுகிறது?

கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிறீர்கள். மாப்பிள்ளையின் தம்பி மெல்லிய கோடு போட்ட சட்டையில் நிற்கிறான். கோடுகளை எண்ணிவிடலாம் போல அத்தனை துல்லியம். அதே மண்டபம், அதே கேமரா, அதே லென்ஸ். இப்போது வீடியோவைப் போடுங்கள். தம்பியின் சட்டை மேல் கோடுகள் இல்லை. அவற்றுக்குப் பதிலாகத் தடித்த வளைவுகள் நெளிகின்றன. அவன் மூச்சு விட்டால் வளைவுகள் ஓடுகின்றன. வெள்ளையும் கறுப்புமான துணியில் நீலமும் ஆரஞ்சும் மினுக்கிவிட்டுப் போகின்றன. முகம் என்னவோ சோப்பு போட்டுக் கழுவியதுபோல் மழமழவென்று இருக்கிறது.

கேமராவை 18 மெகாபிக்சல் என்று விற்றார்கள். முழு எச்.டி. வீடியோவுக்கு வேண்டியதோ 1920 × 1080 புள்ளிகள், அதாவது ஏறக்குறைய 2 மெகாபிக்சல்தான். தேவையைப்போல் எட்டு ஒன்பது மடங்கு சரக்கு கையிருப்பில் இருக்கும்போது வீடியோ ஏன் இப்படிச் சொதப்புகிறது?

ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் வாங்கிய எல்லோரும் ஒருமுறையாவது கேட்ட கேள்வி இது. கடைக்காரர்கள் பெரும்பாலும் லென்ஸ்மீது பழியைப் போட்டு இன்னொரு லென்ஸை விற்பார்கள். லென்ஸ் நிரபராதி. அதே லென்ஸ்தானே ஆல்பத்துப் படத்தையும் எடுத்தது?

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே கேமராவை வைத்துக்கொள்வோம்: 2010 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட கேனன் 550டி. குறும்படம் எடுக்கக் கிளம்பிய ஒரு தலைமுறையின் கையில் இருந்தது. இன்றும் பழைய சந்தையில் கிடைக்கிறது. இதே 18 மெகாபிக்சல் குடும்பத்தில் பின்னால் வந்த 600டி, 650டி, 700டி எல்லாவற்றுக்கும் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் பொருந்தும்.

நொடிக்கு 45 கோடி

லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சில்லுக்கு உணரி என்று பெயர். அதன்மேல் ஒளியை அளக்கும் நுண்ணிய குழிகள் வரிவரியாக அமைந்திருக்கின்றன. 550டி-யில் ஒரு வரிக்கு 5184 குழிகள். அப்படி 3456 வரிகள். பெருக்கினால் 1.79 கோடி. இதைத்தான் 18 மெகாபிக்சல் என்று விற்கிறார்கள்.

புகைப்படம் என்றால் ஒவ்வொரு குழியிலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்று கேமரா படித்து எண்ணாக்க வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் இந்தக் கேமரா நொடிக்கு 3.7 படம் எடுக்கும். அப்படியானால் அது நொடிக்கு 6.6 கோடி எண்களைப் படிக்கிறது. அதுவும் சில நொடிகளுக்குத்தான்; பிறகு மூச்சு வாங்கும்.

வீடியோவுக்கு நொடிக்கு 25 ஃபிரேம் வேண்டும். எல்லாக் குழிகளையும் படிப்பதென்றால் நொடிக்குச் சுமார் 45 கோடி எண்கள், அதுவும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நிற்காமல். 2010-இல் அந்த விலைக்குள் அடங்கும் சில்லால் இது முடியாது. முடிந்தாலும் சூடு தாங்காது. ஆகவே பொறியாளர்கள் முன்னால் ஒரே வழிதான் இருந்தது: எல்லாவற்றையும் படிக்காமல் விட்டுவிடுவது. எதை விடுவது என்பதில்தான் சட்டையின் தலையெழுத்து தீர்மானமானது.

மூன்றில் ஒரு வரி

விட்டது வரிகளை. முதல் வரியைப் படி, இரண்டையும் மூன்றையும் விடு, நான்காவதைப் படி, ஐந்தையும் ஆறையும் விடு. இதை வரித்தாவல் என்று அழைப்போம். படிக்கும் வரிக்குள்ளும் குழிகளைத் தனித்தனியாகப் படிக்காமல், ஒரே நிறத்துக் குழிகளை மும்மூன்றாகச் சேர்த்துக் கேமரா ஒரே எண்ணாக்கிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அகல வாக்கில் 5184-ஐ மூன்றால் வகுத்தால் 1728. உயர வாக்கில், அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டியது போக மிஞ்சும் 2916 வரிகளை மூன்றால் வகுத்தால் 972. ஆக, சில்லிலிருந்து வெளியே வருவது 1728 × 972. இதையே கேமரா இழுத்து நீட்டி 1920 × 1080 ஆக்கி, முழு எச்.டி. என்று முத்திரை குத்துகிறது. உள்ளே இருப்பது 16.8 லட்சம் புள்ளிகள். கோப்பில் இருப்பது 20.7 லட்சம். மிச்சம் நாலு லட்சம் ஊகம்.

இந்த 1728 எந்த விளம்பரத்திலும் இல்லை. மேஜிக் லான்டர்ன் என்ற பெயரில் தன்னார்வலர்கள் கேனன் கேமராக்களுக்கு ஒரு கூடுதல் மென்பொருள் எழுதிவந்தார்கள். சுருக்கப்படுவதற்கு முந்தைய ஃபிரேமை அப்படியே வெளியே எடுக்கும் வழியை 2013-இல் அவர்கள் கண்டபோதுதான் இந்த எண் சாதாரணப் பயனாளரின் கண்ணுக்கே தெரிந்தது.

அது சரி, ஏன் மூன்று? இரண்டில் ஒன்று என்று வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல் விவரம் கிடைத்திருக்குமே?

காரணம் நிறம். உணரிக் குழிக்கு நிறம் தெரியாது. ஒளியின் அளவு மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு குழியின்மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதாவது ஒரு வடிகட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. ஒற்றைப்படை வரிகளில் சிவப்பும் பச்சையும் மாறிமாறி வரும்; இரட்டைப்படை வரிகளில் பச்சையும் நீலமும். மொத்தத்தில் பாதிக் குழிகள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம்.

இப்போது இரண்டில் ஒரு வரியைப் படித்தால் 1, 3, 5, 7 என்று எல்லாமே ஒற்றைப்படை. நீலமே கிடைக்காது. மூன்றில் ஒன்று என்றால் 1, 4, 7, 10. ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை. பேயரின் வரிசை கலையாமல் வந்துவிடுகிறது. கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

சட்டையை அளப்போம்

தம்பியின் சட்டையில் கோடுகள் படுக்கை வாக்கில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 1 மில்லிமீட்டர் கறுப்பு, 1 மில்லிமீட்டர் வெள்ளை. ஆக 2 மில்லிமீட்டருக்கு ஒருமுறை அமைப்பு திரும்ப வருகிறது. கேமராவில் 50 மி.மீ. லென்ஸ். மணமேடைக்கும் வீடியோக்காரருக்கும் இடையே 6 மீட்டர்.

550டி-யின் உணரி 22.3 மி.மீ. அகலம். அதில் 5184 குழிகள் என்றால் ஒரு குழிக்கு 4.3 மைக்ரான், ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 6 மீட்டர் தொலைவில் இருக்கும் 2 மி.மீ. இந்த உணரியில் சுமார் 17 மைக்ரானாக விழும். அது நான்கு வரிகளின் உயரம். இரண்டு வரி கறுப்பு, இரண்டு வரி வெள்ளை.

புகைப்படத்தில் ஒவ்வொரு வரியும் படிக்கப்படுகிறது. 1 கறுப்பு, 2 கறுப்பு, 3 வெள்ளை, 4 வெள்ளை, 5 கறுப்பு, 6 கறுப்பு என்று சட்டை இருந்தபடியே பதிவாகிறது. ஆல்பத்தில் கோடுகளை எண்ண முடிந்தது இதனால்தான்.

வீடியோவில் படிக்கப்படும் வரிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இன்னும் நல்லது.

வரி 1: கறுப்பு
வரி 4: வெள்ளை
வரி 7: வெள்ளை
வரி 10: கறுப்பு
வரி 13: கறுப்பு
வரி 16: வெள்ளை
வரி 19: வெள்ளை
வரி 22: கறுப்பு
வரி 25: கறுப்பு

கேமராவின் பார்வையில் இது ஒழுங்கான கோடு. இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளை, இரண்டு கறுப்பு. சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் படித்த ஒவ்வொரு வரியும் உண்மையில் மூன்று வரிகளின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே நான்கு வரிக்கு ஒருமுறை திரும்பிய அமைப்பு, படத்தில் பன்னிரண்டு வரிக்கு ஒருமுறை திரும்புகிறது. தம்பி வாங்கியது 2 மி.மீ. கோடு போட்ட சட்டை. வீடியோவில் அவன் அணிந்திருப்பது 6 மி.மீ. கோடு போட்ட சட்டை. அப்படி ஒரு சட்டை அந்த மண்டபத்திலேயே இல்லை.

இல்லாத இந்த அமைப்பைப் பொய்க்கோலம் என்று அழைக்கிறேன். ஜன்னலில் இரண்டு கொசுவலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்போது, எந்த வலையிலும் இல்லாத பெரிய அலைகள் தெரியுமே, அதன் உறவுதான் இது. இங்கே ஒரு வலை சட்டை. இன்னொரு வலை, மூன்றுக்கு ஒன்றாகப் படிக்கும் உணரி.

வீடியோக்காரர் இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் என்ன ஆகும்? கிட்டத்தட்ட 8 மீட்டரில் கோட்டின் அமைப்பு சரியாக மூன்று வரியளவுக்குச் சுருங்கிவிடும். மூன்றுக்கு ஒன்றாகப் படிப்பவருக்கு ஒவ்வொரு முறையும் கோட்டின் அதே இடம்தான் கண்ணில் படும். சட்டையில் கோடே இல்லாமல் ஒரே நிறமாகத் தெரியலாம். அதற்குச் சற்று முன்னால் நின்றால், அமைப்பு 3.1 வரி என்றிருக்கும்போது, பொய்க்கோலத்தின் ஒரு பட்டை சட்டையில் 6 செ.மீ. அகலத்துக்கு விரியும். கல்யாண வீடியோவில் பார்க்கும் பெரிய வளைவுகள் இவைதான். துணி எங்கும் ஒரே சீராக இழுபட்டிருப்பதில்லை. தோளில் ஒரு கோணம், வயிற்றில் ஒரு கோணம். அதனால் பட்டைகள் நேராக நிற்காமல் வளைகின்றன.

முன்னால் வந்தால்? கோட்டின் ஒரு சுற்றுக்குள் குறைந்தது இரண்டு முறையாவது படித்தால்தான் கோட்டைக் கோடாகப் பதிவு செய்ய முடியும். தந்திப் பொறியியல் காலத்தில், 1928-இல், ஹாரி நைக்விஸ்ட் எழுதிய ஆய்வுக்கட்டுரை வரை வேர் போகும் விதி இது. மூன்றுக்கு ஒன்றாகப் படிக்கும் நம் கேமராவுக்கு அந்த எல்லை ஆறு வரி. சட்டைக் கோடு ஆறு வரியளவுக்குப் பெரிதாக, வீடியோக்காரர் 4 மீட்டருக்குள் வர வேண்டும். 3 மீட்டரில் கோடுகள் நல்ல பிள்ளையாக நிற்கும். மண்டபத்தில் 3 மீட்டரில் நின்றால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா விடுவார்களா என்பது தனிக் கேள்வி.

அவன் கீழே, கோடு மேலே

பொய்க்கோலம் அசையாமல் நின்றால்கூடப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். அது ஆடுவதுதான் தொல்லை. ஏன் ஆடுகிறது என்பதையும் அதே காகிதத்தில் பார்த்துவிடலாம்.

தம்பி மூச்சை விடுகிறான். சட்டை அரை மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. உணரியில் அது ஒரே ஒரு வரி. இப்போது 2, 3 கறுப்பு; 4, 5 வெள்ளை; 6, 7 கறுப்பு; 8, 9 வெள்ளை; 10, 11 கறுப்பு. மீண்டும் மூன்றுக்கு ஒன்றாகப் படியுங்கள். 1 வெள்ளை, 4 வெள்ளை, 7 கறுப்பு, 10 கறுப்பு, 13 வெள்ளை.

முன்பு 10-ஆவது, 13-ஆவது வரிகளில் இருந்த கறுப்புப் பட்டை இப்போது 7-இலும் 10-இலும் இருக்கிறது. சட்டை ஒரு வரி கீழே இறங்க, பட்டை மூன்று வரி மேலே ஏறிவிட்டது! திசையும் தலைகீழ், வேகமும் மூன்று மடங்கு. மனிதர் அசையும் திசைக்கு எதிராக அவர் சட்டைக்குள் ஏதோ ஓடுவதுபோல் தோன்றுவது இதனால்தான். பழைய சினிமாவில் குதிரை வண்டி முன்னே பாயும்போது சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதும் இதே கணக்கு. அங்கே விட்டுவிட்டுப் பார்ப்பது காலத்தை, இங்கே இடத்தை.

வெள்ளைத் துணியில் நீலம்

இனி அந்த நீல, ஆரஞ்சு மினுக்கல். சிவப்பு வடிகட்டிகள் ஒற்றைப்படை வரிகளில் மட்டும் இருக்கின்றன என்று பார்த்தோம். ஆகவே வீடியோவில் சிவப்பின் அளவு கிடைக்கும் வரிகள் 1, 7, 13, 19. நீலத்தின் அளவு கிடைப்பது 4, 10, 16, 22. மேலே எழுதிய பட்டியலில் இவற்றைத் தனியே பிரித்துப் பாருங்கள். சிவப்பு பார்ப்பது கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. நீலம் பார்ப்பது வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

4-ஆவது வரியில் நீலம் முழுதாக இருக்கிறது. அங்கே சிவப்பு எவ்வளவு? கேமராவுக்குத் தெரியாது. மேலே 1-இல் சுழியம், கீழே 7-இல் முழுமை, ஆகவே பாதி என்று ஊகிக்கிறது. முழு நீலமும் பாதிச் சிவப்பும் சேர்ந்தால் வெள்ளை வராது. நீலம் தூக்கலாகத்தான் வரும். 7-ஆவது வரியில் இதற்கு மாறாகச் சிவப்பு முழுமை, நீலம் பாதி. அங்கே ஆரஞ்சுச் சாயல். துணிக்கடையில் எந்தச் சாயமும் ஏற்றாத நிறங்களை உணரி ஏற்றிவிட்டது.

சிவப்பும் நீலமும் ஆறு வரிக்கு ஒருமுறைதான் படிக்கப்படுவதால் அவற்றுக்கான எல்லை பன்னிரண்டு வரி. கோடுகள் நேராகிவிட்ட 3 மீட்டர் தூரத்திலும் நிறச் சாயல் மட்டும் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கலாம். 2 மீட்டருக்குள் வந்தால்தான் அதுவும் ஒழியும்.

தடுக்க ஒரு தகடு இருக்கிறதே?

இருக்கிறது. பெரும்பாலான டிஎஸ்எல்ஆர் உணரிகளின் முன்னால் ஒரு மெல்லிய படிகத் தகடு உண்டு. தன்மேல் விழும் ஒவ்வொரு ஒளிப்புள்ளியையும் அது நான்காகப் பிரித்துப் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் போடும். படம் ஒரு இம்மி மங்கும். அந்த மங்கலில் மிக நுண்ணிய கோடுகள் கரைந்துபோகும். படிக்கவே முடியாத கோடு உணரியை எட்டாவிட்டால் பொய்க்கோலமும் பிறக்காது. இதை மங்கல் தகடு என்று சொல்லலாம்.

ஆனால் அந்தத் தகடு புகைப்படத்துக்கு அளவெடுத்துத் தைத்தது. அடுத்தடுத்த குழிகளைப் படிக்கும்போது எவ்வளவு மங்க வேண்டுமோ அவ்வளவுதான் மங்கும். வீடியோவில் வரிகளுக்கு நடுவே மூன்று மடங்கு இடைவெளி. அதற்கு மூன்று மடங்கு வலுவான தகடு வேண்டும். அதைப் போட்டால் ஆல்பத்துப் படங்கள் பாழாகும். முதலில் புகைப்படக் கருவி, அப்புறம்தான் வீடியோ என்ற முன்னுரிமை அந்தத் தகட்டிலேயே தெரிகிறது. மோசைக் எஞ்சினியரிங் என்ற நிறுவனம் வீடியோவுக்கென்றே வலுவான தகடுகளைச் செய்து விற்றது. லென்ஸைக் கழற்றிவிட்டு, கேமராவுக்குள் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஆடி இருக்கும் கூட்டுக்குள் பொருத்திக்கொள்ள வேண்டும். நிக்கான் நேர் எதிர்த் திசையில் போய், 2013-இல் டி5300, 2014-இல் டி3300 என்று ஆரம்பநிலைக் கேமராக்களிலேயே மங்கல் தகட்டை எடுத்துவிட்டது. 24 மெகாபிக்சலில் குழிகள் அத்தனை நெருக்கம். புகைப்படத்துக்கு இனி தகடு வேண்டாம் என்ற நம்பிக்கை.

கூர்மையை நம்பலாமா?

இப்போது தரத்தை எடைபோடும் விஷயத்துக்கு வரலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடியோவில் ஒரு விவரம் தெரியாமல் போவது சின்னக் குறை. இல்லாத விவரம் தெரிவது பெரிய குறை. மங்கிய முகத்தைக் கண் பத்து நொடியில் மன்னித்துவிடும். நெளியும் சட்டையை மன்னிக்காது. மங்கலை எடிட்டிங்கில் ஓரளவு கூர்மைப்படுத்தலாம். பொய்க்கோலம் படமாகவே பதிவாகிவிட்டது; எது உண்மைக் கோடு, எது பொய்க் கோடு என்று எந்த மென்பொருளுக்கும் உறுதியாகத் தெரியாது.

இன்னும் விஷமமானது ஒன்று உண்டு. பொய்க்கோலம் பார்வைக்குக் கூர்மையாக இருக்கும். ஓட்டுக் கூரையின் விளிம்பு படிக்கட்டுபோல் வெட்டுப்பட்டுத் தெரியும். இலைகளின் ஓரம் பளிச்சென்று மின்னும். இரண்டு கேமராக்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர், பளிச்சென்று இருப்பதே நல்லது என்று தீர்ப்பெழுதிவிடுவார். அசையாத ஒரு ஃபிரேமை மட்டும் பார்த்தால் இந்த ஏமாற்று பிடிபடாது. கேமராவை மெல்ல நகர்த்திப் பாருங்கள். உண்மை விவரம் பொருளோடு சேர்ந்து நகரும்; பொய் விவரம் கொதிக்கும்.

கையிலேயே ஒரு தராசு

கடையில் கேமராவோடு பத்து நிமிடம் கிடைத்தால் இதைச் செய்யலாம். முக்காலியில் பொருத்துங்கள். எதிரே கடையின் இரும்பு ஷட்டரோ, ஓட்டுக் கூரையோ, செங்கல் சுவரோ தென்படட்டும். ஒரு புகைப்படம் எடுங்கள். எதையும் மாற்றாமல், குவியத்தையும் தொடாமல், பத்து நொடி வீடியோ எடுங்கள். பிறகு கணினியில் புகைப்படத்தை 1920 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, வீடியோவின் ஒரு ஃபிரேமுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

சுருக்கிய புகைப்படம்தான் உங்கள் தராசின் படிக்கல். கணினி சுருக்கும்போது பொதுவாக வரிகளைத் தாவுவதில்லை. எல்லாக் குழிகளையும் கணக்கில் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. நேரமும் சூடும் தடையாக இல்லாதிருந்தால் கேமராவே செய்திருக்க வேண்டிய வேலை அது. ஆகவே முழு எச்.டி. ஃபிரேம் ஒன்றில் எவ்வளவு விவரம் அடங்க முடியும் என்பதற்கு அதே லென்ஸ், அதே உணரி தரும் சாட்சி அது. அதற்கும் வீடியோவுக்கும் உள்ள இடைவெளிதான் கேமரா தூக்கியெறிந்தது. இதில் இன்னொருவரின் ரசனை, இணையத்தில் ஏற்றியபோது இன்னொரு முறை நசுங்கிய மாதிரி வீடியோ, இவற்றுக்கெல்லாம் வேலையே இல்லை.

அடுத்து, கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி நிமிர்த்தி வைத்து அதே ஷட்டரை எடுங்கள். முன்பு வரிகளுக்கு இணையாக ஓடிய கோடுகள் இப்போது குறுக்கே ஓடும். வரிக்குள் தாவல் இல்லை, மும்மூன்றாகச் சேர்த்தல்தான் என்று பார்த்தோம் இல்லையா? பொய்க்கோலம் சட்டென்று அடங்கினால், கேமரா வரித்தாவல் செய்கிறது என்பதற்கு அதுவே ஒப்புதல் வாக்குமூலம்.

சில கேமராக்களில் இன்னொரு கதவும் உண்டு. 2011-இல் வந்த 600டி-யில் வீடியோவுக்கு 3 மடங்கு டிஜிட்டல் ஜூம் வைத்தார்கள். டிஜிட்டல் ஜூம் என்றாலே படத்தைக் கெடுப்பது என்பது பொதுவான பாடம். இங்கே தலைகீழ். அகலம் முழுவதையும் மூன்றுக்கு ஒன்றாகப் படிப்பதற்குப் பதில், உணரியின் நடுவே, அகலத்திலும் உயரத்திலும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஒரு வரி விடாமல் படிக்கிறது. படிக்கும் எண்களின் அளவு ஏறக்குறைய அதேதான். ஆனால் தாவல் இல்லை, பொய்க்கோலம் அடங்கிவிடும், விவரமும் கூடும். பயன்படுவது ஒன்பதில் ஒரு பங்குப் பரப்பு மட்டும் என்பதால் இருட்டில் மணல்மணலாகும். 50 மி.மீ. லென்ஸ் 150 மி.மீ. போல் நடந்துகொள்ளும், சின்ன அறையில் பின்னால் போக இடமிருக்காது.

இன்னும் இரண்டு கழிவு

வரித்தாவலுக்குப் பிறகும் படம் முழுதாகக் கோப்புக்குப் போவதில்லை. ஒளி அளவு ஒவ்வொரு புள்ளிக்கும் பதிவாகிறது. நிறமோ நான்கு புள்ளிக்கு ஒன்றுதான். அப்படியும் நொடிக்கு 62 கோடி பிட் வரும். 550டி-யின் கையேட்டுக் கணக்குப்படி கோப்பு நிமிடத்துக்கு 330 மெகாபைட், அதாவது நொடிக்கு நாலரைக் கோடி பிட்டுக்கும் சற்றுக் குறைவு. பதினான்கில் ஒரு பங்காகச் சுருக்கம். மரக்கிளை காற்றில் ஆடும்போதும், கடலலை நுரைக்கும்போதும் இந்தச் சுருக்கம் திணறும். பேசும் முகத்துக்கு இது தாராளம். தரத்தைக் குறை சொல்பவர்கள் முதலில் கைநீட்டுவது சுருக்கத்தைத்தான். இந்தக் கேமராக்களில் அது இரண்டாவது குற்றவாளி.

மற்றொன்று, வரிகள் ஒரே கணத்தில் படிக்கப்படுவதில்லை என்பது. மேலிருந்து கீழாக, ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கப்படுகின்றன. கேமராவைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால் தூண்கள் சாய்ந்து நிற்கும். சுற்றும் மின்விசிறியைப் படமெடுங்கள். இறக்கைகள் அரிவாளாக வளைந்தால் காரணம் இதுதான். குழல்விளக்கில் வரும் பட்டைகளையும் இதன் கணக்கில்தான் எழுத வேண்டும். நம் ஊர் மின்சாரத்தில் பழைய சோக் வைத்த குழல்விளக்கு நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகிறது. கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 நொடி என்று வைத்தால் எல்லா வரிக்கும் சரியாக இரண்டு துடிப்பு கிடைக்கும். 1/60 என்று வைத்தால் ஒரு வரிக்குக் கூட, ஒரு வரிக்குக் குறைய. இது கேமராவின் தரக்குறைவே இல்லை. நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று மாற்றினால் தீர்ந்தது.

இத்தனைக்கும் பிறகு ஏன் வாங்கினார்கள்?

வீடியோ எடுக்கும் முதல் டிஎஸ்எல்ஆர் நிக்கான் டி90. 2008 ஆகஸ்ட்டில் அறிவிக்கப்பட்டது. 1280 × 720, நொடிக்கு 24 ஃபிரேம். அடுத்த மாதமே கேனன் 5டி மார்க் 2 முழு எச்.டி.யோடு அறிவிக்கப்பட்டது. அதிலும் வரித்தாவல்தான், பொய்க்கோலம்தான். ஆனாலும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ஹவுஸின் ஆறாவது பருவத்து இறுதிப் பகுதி (2010 மே) அந்தக் கேமராவில் எடுக்கப்பட்டது. இங்கே பாலாஜி சக்திவேலின் வழக்கு எண் 18/9, 2012-இல், ஸ்டில் கேமராவில் எடுத்த படமென்றே பேசப்பட்டது.

காரணம் பரப்பளவு. அன்றைய கையடக்க வீடியோ கேமராக்களில், நல்ல விலை கொடுத்து வாங்கியவற்றில்கூட, உணரி பெரும்பாலும் 4.8 × 3.6 மி.மீ. அளவில்தான் இருந்தது. 550டி-யின் உணரி அதைப்போல் 19 மடங்கு பரப்பு. இரவுத் தெருவிளக்கில் படமெடுக்கலாம். முகத்தை மட்டும் துலக்கி, பின்னணியைக் கரைத்துவிடலாம். அதுவரை லட்சக்கணக்கில் செலவழித்தால்தான் கிடைத்த சங்கதி. சட்டையில் கோடு நெளிகிறதா? நடிகருக்கு வேறு சட்டை கொடு. பின்னணியில் ஓட்டுக் கூரை கொதிக்கிறதா? அதைக் குவியத்திலிருந்து விலக்கு; குவியம் விலகிய கூரையில் நுண்கோடே இல்லை, பொய்க்கோலத்துக்கு இடமும் இல்லை. பின்னணியைக் கரைக்கும் அந்த அழகே பாதி நோய்க்கு மருந்தாகவும் இருந்தது. கண்டிப்பான கலை இயக்குநர் ஒருவர் இருந்தால் பார்வையாளருக்கு எதுவுமே தெரியாது. கல்யாண வீட்டில்தான் யாரையும் சட்டை மாற்றச் சொல்ல முடியாது.

வரித்தாவலைக் கைவிட்ட விதத்தையும் பார்த்துவிடலாம். 2012-இல் வந்த 5டி மார்க் 3-இன் உணரி 5760 குழி அகலம். மூன்றால் வகுத்தால் மிச்சமில்லாமல் 1920. அதில் கேனன் வரிகளைத் தாவாமல், உயர வாக்கிலும் மும்மூன்றாகச் சேர்த்துப் படித்தது. சட்டை அடங்கிவிட்டது. படம் அப்போதும் கொஞ்சம் மழமழப்புத்தான்; ஆனால் பொய் இல்லாத மழமழப்பு. விலை ஆரம்பநிலைக்காரர்களின் கைக்கு எட்டாதது. 2019-இல் 250டி என்ற ஆரம்பநிலைக் கேமரா 4கே வீடியோவோடு வந்தபோது வேறு வழியில் போனது: 6000 குழி அகலமுள்ள உணரியின் ஓரங்களை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் படித்தது. 600டி-யின் ஜூம் கதவுதான், கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கிறது. ஆகவே இந்த வரிசையில் எதை வாங்கப் போனாலும் விற்பவரிடம் மெகாபிக்சல் கேட்காதீர்கள். வீடியோவுக்கு மாற்றியதும் காட்சி குறுகுகிறதா என்று திரையில் பாருங்கள். குறுகினால் ஓரத்தை வெட்டுகிறது. அகன்ற லென்ஸுக்குப் பணம் எடுத்து வையுங்கள். குறுகாவிட்டால், எதிரே இருக்கும் கடையின் ஷட்டரை நோக்கிக் கேமராவை மெல்ல மேலும் கீழும் அசையுங்கள்.